சிங்கப்பூரில் 11 மணி நேரம்: அப்பச்சியும் ஆத்தாளும் என்ன செய்யலாம்?

காரைக்குடியிலிருந்து உங்கள் அப்பாவும் அம்மாவும், நம் வழக்கில் அப்பச்சியும் ஆத்தாளும், முதல் தடவையாக உங்களைப் பார்க்க அமெரிக்கா வருகிறார்கள். திருச்சியில் ஏறிக் காலை 7:30-க்குச் சிங்கப்பூரில் இறங்கினால், சான் ஃபிரான்சிஸ்கோ விமானம் மாலை 6:30-க்குத்தான். அப்பச்சிக்கு 68 வயது, முட்டிவலி. ஆத்தாளுக்கு இங்கிலீஷ் வராது. "நடுவில் இருக்கிற 11 மணி நேரமும் ரெண்டு பேரும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா, வெளியே போய் வர வழி இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

வழி இருக்கிறது. காரைக்குடி செக்காலை ரோட்டில் இருபது வருஷத்துக்கு மேல் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் ஐந்தாறு தடவை போயும் வந்திருக்கிறேன். இப்படிக் கேட்டால் எல்லோரும் 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று ஆரம்பிப்பார்கள். நான் கடிகாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

7:30-க்குத் தரை தொட்டால், இறங்கி, கழிப்பறை போய், நடந்து, குடிநுழைவு (இமிக்ரேஷன்) தாண்டி வாசலுக்கு வர 8:45 ஆகும். முட்டிவலிக்காரருக்கு 9 என்றே வையுங்கள். இனி மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாங்க. அமெரிக்க விமானத்துக்குச் சோதனையும் கேள்வியும் கொஞ்சம் கூடுதல், அதனால் 5 மணிக்கே கேட் பக்கம் போய்விட வேண்டும். அதற்கு முன் குளித்துப் படுத்து எழ நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். இதில் மட்டும் கை வைக்காதீர்கள். முந்தின ராத்திரி காரைக்குடியில் சாப்பிட்ட கையோடு கார் ஏறியவர்கள், திருச்சியில் விடிய விடிய முழித்தவர்கள், அடுத்து கிட்டத்தட்ட 15 மணி நேரம் மடக்கிய காலோடு உட்காரப் போகிறவர்கள். இதையெல்லாம், அறைக்கும் கேட்டுக்கும் நடக்கிற அரை மணியையும் சேர்த்து, கழித்தால் வெளியே செலவழிக்கக் கையில் நிற்பது மூன்றரை மணி நேரம், அதுவும் போக வரச் சேர்த்து. ஒரு காரியத்துக்கு அது தாராளம். இரண்டு காரியம் என்று ஆசைப்பட்டால் அவசரம் வந்துவிடும், பெரியவர்களுக்கு அவசரம்தான் ஆகாது.

வெளியே போவதற்கு முன் பார்க்க வேண்டியது டிக்கெட். திருச்சி–சிங்கப்பூர், சிங்கப்பூர்–சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டும் ஒரே பி.என்.ஆர்., அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா, தனித்தனியாகப் போட்டதா? ஒரே டிக்கெட் என்றால் பெட்டியைத் திருச்சியில் போட்டுவிட்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் எடுத்துக்கொள்ளலாம், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டும் கிடையாது. சிங்கப்பூரில் குடிநுழைவு தாண்டி வெளியே வந்து, பெட்டியை பெல்ட்டில் எடுத்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும்.

சில வருஷத்துக்கு முன் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், மகன் எங்கோ மலிவாகக் கிடைத்தது என்று போட்ட தனித்தனி டிக்கெட்டோடு வேறொரு நாட்டு வழியாகக் கிளம்பினார். அந்த நாட்டுக்குள் நுழைய அவரிடம் விசா இல்லை. பெட்டியோ குடிநுழைவுக்கு அந்தப் பக்கம் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு எனக்கு ஃபோன். கடைசியில் அந்த விமானக் கம்பெனி ஆளே மனசு வைத்துப் பெட்டியை மாற்றிவிட்டார், ஆனால் அதற்குள் அந்த மனுஷருக்கு ஏறிய ரத்த அழுத்தம் இறங்க ஒரு வாரம் ஆயிற்று. மிச்சம் பிடித்தது ஆறாயிரம் ரூபாய். இப்போது யார் டிக்கெட் கேட்டு வந்தாலும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

திருச்சி கவுண்டரில் பெட்டியைப் போடும்போது அதில் கட்டுகிற சீட்டில் கடைசி ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஸ்.எஃப்.ஓ. என்ற மூன்றெழுத்து. இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸை அங்கேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். அது கையில் இருந்தால் சிங்கப்பூரில் எந்தக் கவுண்டரையும் தேட வேண்டியதில்லை.

அடுத்தது விசா. இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கிற இந்தியர்கள், மூன்றாவது நாட்டுக்குப் போகிற வழியில், சிங்கப்பூர் விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை உள்ளே வரலாம். ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து விசாக்களுக்கும் இது உண்டு. விசாவில் குறைந்தது ஒரு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும், அடுத்த விமானத்துக்கு உறுதியான டிக்கெட் இருக்க வேண்டும். உங்கள் பெற்றோருக்கு பத்து வருஷ விசிட்டர் விசா என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். உள்ளே விடுவது கடைசியில் அந்த அதிகாரியின் முடிவுதான் என்றாலும், டிக்கெட்டும் விசாவும் காட்டிய பெரியவர்களைத் தடுத்து நான் பார்த்ததில்லை.

வெளியே வருகிறவர்கள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளைக்குள். இதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். நீங்களே அங்கிருந்து இருவருக்கும் நிரப்பிவிடுவது நல்லது, மின்னஞ்சல் முகவரிக்கு உங்களுடையதைக் கொடுங்கள். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, அனுமதி மின்னஞ்சலுக்கு வரும். 'முத்திரையே குத்தலையே' என்று அப்பச்சி அந்த இடத்திலேயே நின்றுவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, எங்கே போவது? என்னைக் கேட்டால் டேங்க் ரோடு.

அங்கே இருக்கிறது அருள்மிகு தெண்டாயுதபாணி கோயில். 1859-ல் நம் நகரத்தார் கட்டியது. சிங்கப்பூர்க்காரர்கள் இன்றைக்கும் செட்டியார் கோயில் என்றே சொல்வார்கள். 2014-ல் அந்நாட்டு அரசு அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் வந்து சேருகிற இடமும் இதுதான். (தைப்பூசத்தன்று டிரான்சிட்டில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், கூட்டத்தில் விமானம் போய்விடும்.) ஐயா (தாத்தா) காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள், மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வட்டித்தொழில் பார்த்தவர்கள், கும்பிட்டு எழுந்த சந்நிதி. அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை, அந்த இடத்தில் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டிடங்கள். கோயில் இருக்கிறது.

நீங்கள் அங்கே வேறு பட்டியல் பார்த்திருப்பீர்கள். பெரிய ராட்டினம், வானத்தில் கப்பல் மாதிரி ஹோட்டல், கண்ணாடித் தோட்டம். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கிற பழைய படங்களில் யாராவது ஒரு ஐயா சிங்கப்பூரிலோ மலாயாவிலோ பர்மாவிலோ இருந்தவராக இருப்பார். 1926-ல் கட்டிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு தொட்டு, நாள்கணக்கில் கடலில் கிடந்து போன ஊர் அது. எங்கள் ஐயா கப்பலுக்காக நாகப்பட்டினத்தில் சத்திரத்தில் படுத்திருந்த கதையை அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நடுவழியில் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிற அதுவும் ஒரு லே-ஓவர்தான். மூன்று வருஷத்துக்கு முன் என்னோடு வந்த ஆச்சி ஒருவர் டேங்க் ரோடு சந்நிதியில் நின்றவர், "எங்க ஐயா நின்ன எடமாத்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு டாக்ஸியில் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ராட்டினத்திலும் அது கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊர்க் கோயில்கள் போலவே மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலைதான் திறப்பார்கள். அதனால் காலையிலேயே போய்விட வேண்டும். உங்கள் விமானம் காலையில் இறங்குவது தோதாக அமைந்திருக்கிறது. வாசலில் 9 மணிக்கு டாக்ஸி பிடித்தால் அரை மணி நேரம், காலை நெரிசலில் கொஞ்சம் கூட. 30 வெள்ளிக்கு முன்னப்பின்ன ஆகும். வெள்ளி என்றால் அங்கே டாலர், ஆத்தாளிடம் சொல்லிவிடுங்கள், யாரோ வெள்ளி கேட்கிறார்கள் என்று கழுத்தைத் தடவிப் பார்க்கப் போகிறார். ரயிலில் போகிற தெம்பு இருந்தால் அதுவும் சுலபம். சாங்கி விமான நிலைய ஸ்டேஷனில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் லைனில் மாறினால் நேராக ஃபோர்ட் கேனிங். அங்கிருந்து கோயில் நடக்கிற தூரம். செலவு டாக்ஸியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் எக்ஸ்போவில் மாறுகிற இடத்தில் நடை அதிகம், எஸ்கலேட்டர் நீளம். முட்டிவலிக்கு டாக்ஸியே சொல்வேன். இருபது வயசுப் பையனாக இருந்தால் டாக்ஸியா என்று திட்டியிருப்பேன்.

கோயிலில் முக்கால் மணி நேரம். வெளியே வந்து சாப்பாடு. சிராங்கூன் ரோடு பக்கம் டாக்ஸியில் பத்து நிமிஷம்தான், இட்லி, பொங்கல், வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. சாப்பிட்டதும் முஸ்தஃபா கடைக்குள் நுழைந்துவிட வேண்டாம் என்று அப்பச்சியிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போனவர்கள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து வெளியே வந்ததாக வரலாறு இல்லை. 12 மணிக்கு மறுபடி டாக்ஸி, 12:30-க்கு விமான நிலையம்.

கைப்பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். சாங்கியில் காசு கொடுத்துப் பை வைத்துவிட்டுப் போகிற இடம் உண்டு. மருந்து, பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், ஒரு சால்வை மட்டும் ஒரு சின்னப் பையில் எடுத்துக்கொண்டால் போதும்.

விமான நிலையமே நடத்துகிற இலவசச் சுற்றுலா ஒன்றும் இருக்கிறது. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் இடைவெளி உள்ள டிரான்சிட் பயணிகளுக்கு. பஸ்ஸில் ஏற்றி இரண்டரை மணி நேரத்தில் ஊரைக் காட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். வழிகாட்டி இங்கிலீஷில் சொல்வார், இறங்கி ஏறி வேகமாக நடக்க வேண்டும். தனியாகப் போகப் பயப்படுகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. இதற்கும் மேலே சொன்ன விசா விதிதான், முன்பதிவு செய்வது உத்தமம்.

திரும்பி வந்ததும் தூக்கம். குடிநுழைவு தாண்டி உள்ளே வந்த பிறகு, விமான நிலையத்துக்குள்ளேயே டிரான்சிட் ஹோட்டல் உண்டு, ஆறு மணி நேரக் கணக்கில் அறை கொடுப்பார்கள். முன்னாலேயே நீங்கள் இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள், நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் இடம் இருக்காது. பதிவு செய்யும்போது அறை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, எந்த டெர்மினல் என்று கவனியுங்கள். உங்கள் பணத்தில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். வெந்நீரில் குளித்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து மூன்று மணி நேரம் படுத்து எழுந்தவரும், நாற்காலியில் கழுத்தைத் தொங்கப் போட்டவரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கும்போது ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள். இன்னொரு வேடிக்கை: கோடையில் சிங்கப்பூரில் மாலை 6:30-க்குப் புறப்பட்டால், தேதிக்கோட்டைத் தாண்டி, அதே நாள் மாலை கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு அங்கே இறங்குவார்கள். ஒரு சாயங்காலத்தை இரண்டு தடவை பார்ப்பார்கள்.

அப்பச்சி வெளியே வர மறுத்துவிட்டால்? சில பேர் அப்படித்தான், 'விமானத்தை விட்டுட்டா என்ன பண்றது' என்று கேட்டை விட்டு நகர மாட்டார்கள். அவரை வற்புறுத்த வேண்டாம். சாங்கிக்குள்ளேயே பொழுது போகும். மூன்றாம் டெர்மினலில் பட்டாம்பூச்சித் தோட்டம், முதல் டெர்மினலில் கள்ளிச்செடித் தோட்டம், காசில்லாமல் சினிமா, காலைப் பிடித்துவிடுகிற நாற்காலி. எல்லோரும் வீடியோவில் காட்டுகிற 40 மீட்டர் உயர அருவி இருக்கிறதே, அது ஜூவல் என்ற கட்டிடத்தில், குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருந்துகொண்டு 'அருவி எங்கே' என்று தேடி ஏமாந்தவர்கள் நிறைய. ஆனால் இரண்டாம் டெர்மினலுக்கும் மூன்றாம் டெர்மினலுக்கும் நடுவே ஓடுகிற ஸ்கைட்ரெயின் அந்தக் கட்டிடத்துக்குள் புகுந்துதான் போகிறது. அதில் ஏறி இரண்டு தடவை போய் வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அருவி தரிசனம். காலை 10, 11 மணிக்கு மேல்தான் தண்ணீர் விழும்.

வீல்சேர் பற்றி. முட்டிவலி என்பதால் கட்டாயம் கேளுங்கள், புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னாலேயே விமானக் கம்பெனியில் சொல்லிப் பதிய வேண்டும். பெரிய விமான நிலையத்தில் கேட்டுக்குக் கேட் ஒரு கிலோமீட்டர் நடை சாதாரணம். மொழி தெரியாதவர்களுக்கும் இது காப்பு, வழி கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் நீண்ட இடைவெளியில் ஒரு சங்கடம் உண்டு, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். இறங்கியதும் தள்ளிக்கொண்டு போகிறவர், வீல்சேர் பயணிகளை ஒரு பொது இடத்தில் உட்கார வைத்துவிட்டு அடுத்த விமான நேரத்துக்குத்தான் வருவார். பெரியவர்கள் 'எந்திரிச்சா வண்டி போயிடும்' என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஏழு மணி நேரம் அப்படி இருந்த ஆச்சி ஒருவரை எனக்குத் தெரியும், கால் வீங்கி, ஊர் போய்ச் சேர்ந்து டாக்டரிடம் போனார். எழுந்து போகலாம், சாப்பிடலாம், எத்தனை மணிக்கு வந்து கூட்டிப் போவீர்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும். நீங்கள் ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: 'நாங்கள் இப்போது ஊருக்குள் போகிறோம், மாலை 4:30-க்கு இன்ன இடத்திலிருந்து கூட்டிப் போக வாருங்கள்.'

சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. நீண்ட விமானத்தில் சைவம் வேண்டும் என்று 'இந்து மீல்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எச்.என்.எம்.எல். என்ற அந்தக் குறியீடு, மாட்டிறைச்சி இல்லாத அசைவச் சாப்பாடு. நம்ம சைவத்துக்கு ஏ.வி.எம்.எல். என்பதுதான். புறப்பட ஒரு நாளைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். திருச்சி–சிங்கப்பூர் மலிவுக் கம்பெனி விமானம் என்றால் சாப்பாடு காசுக்குத்தான், ஆகவே ஆத்தா கட்டுச்சோறு கட்டத்தான் போகிறார். கட்டட்டும். புளியோதரை இறங்குவதற்குள் தீர்ந்துவிட்டால் நல்லது. மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை கைப்பையில் இருந்தால் 11 மணி நேரத்துக்கு அதைவிடத் துணை வேறு இல்லை.

எது கூடாது என்றும் சொல்கிறேன். உப்புக்கண்டம் சிங்கப்பூரிலும் ஆகாது, அமெரிக்காவிலும் ஆகாது. பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவில் பிடுங்கிவிடுவார்கள். கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள், நம் ஊர்க் குருமாப் பொடியில் அது இல்லாமல் இருக்காது என்பதால் மசாலாவைக் கைப்பையோடு வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மெல்லுகிற புகையிலையும் சூயிங்கமும் அங்கே கூடாது. நெய், ஊறுகாய், தேன் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது, பெட்டியில் போடுங்கள். சாங்கியில் பெரும்பாலான கேட்டுகளில் சோதனை கேட் வாசலிலேயே நடக்கும். ஆகவே உள்ளே குழாயில் பாட்டில் நிறையப் பிடித்த தண்ணீரைக் கடைசியில் கொட்டச் சொல்வார்கள். காலிப் பாட்டிலோடு உள்ளே போய், விமானத்தில் நிரப்பிக்கொள்ளலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கைப்பையில், டாக்டர் சீட்டோடு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதைப் பெட்டியில் போடவே கூடாது, சரக்கு அறைக் குளிரில் கெட்டுவிடும். மாத்திரையை இந்திய நேரத்துக்கே கணக்கு வைத்துச் சிங்கப்பூர் வரை போகலாம், அதற்குப் பிறகு எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கைக்கடிகாரத்தை இறங்கியதும் இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். போர்டிங் பாஸில் இருப்பது அந்த ஊர் நேரம். கேட் எண் அதில் அச்சாகியிருந்தாலும் நம்ப வேண்டாம், அது மாறும். நானே ஒரு தடவை, சிங்கப்பூரில் இல்லை, வேறோர் ஊரில், சீட்டில் போட்டிருந்த கேட் எதிரே சால்வையைப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தால் எதிரே வேறு நாட்டுக்குப் போகிற வரிசை. என் விமானம் கடைசி மூலையில் இன்னொரு கேட்டில் கதவடைத்துக்கொண்டிருந்தது. ஓடினேன், ஏறிவிட்டேன், ஆனால் அப்போது என் முட்டி நன்றாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரையைப் பார்ப்பது நடந்த மாதிரியும் ஆயிற்று. ஃபோனில் ரோமிங் போட்டுக் கொடுத்துவிடுங்கள். இலவச வைஃபைக்கு ஓ.டி.பி. கேட்கிற இடங்களில், ரோமிங் இல்லாத இந்திய சிம்முக்கு ஓ.டி.பி. வராது, வைஃபையும் கிடைக்காது.

அடுத்த தடவை வேறு வழி அமைந்தால் என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கோலாலம்பூர் என்றால் இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் முடிய விசா வேண்டாம், வருகை அட்டை மட்டும் மூன்று நாள் முன்னால் நிரப்ப வேண்டும். விமான நிலைய ரயில் 28 நிமிஷத்தில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் பத்துமலை. 272 படி அப்பச்சிக்கு ஆகாது, கீழே நின்று 42.7 மீட்டர் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். எட்டு மணி நேரமாவது இடைவெளி இருந்தால்தான் இதை யோசிக்க வேண்டும். கொழும்பு என்றால் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள், விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம், நேரமும் நம் நேரமே. துபாய் வழியானால் கசகசாவோடு வெற்றிலையும் கூடாது என்பதை மறக்க வேண்டாம். இடைவெளி நீளம் என்றால் விமானக் கம்பெனியே ஹோட்டல் கொடுக்கிற திட்டம் உண்டா என்று டிக்கெட் போடும்போதே கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. தோஹாவில் வெளியே வெயில், உள்ளேயே மரமும் தோட்டமும் வைத்திருக்கிறார்கள், பெரிய மஞ்சள் கரடியின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். லண்டன் போன்ற ஊர்களில் வெளியே வராமல் விமானம் மாறவே விசா கேட்பது உண்டு. அமெரிக்க விசா இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு, இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கிளம்புகிற அன்றைக்கு: திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் ஊருக்குள் போக வேண்டியதில்லை, காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். திருமயத்தில் கோட்டை பைரவருக்கு வண்டி நிற்காமல் போகாது, அதற்கும் தேங்காய்க்கும் கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் கவுண்டர் எதிரே நிற்கிற மாதிரி கார் சொல்லுங்கள்.

அந்த பி.என்.ஆர். ஒன்றா இரண்டா என்பதை மட்டும் இன்றைக்கே பார்த்து எழுதுங்கள், தம்பி. இரண்டு என்றால் பெட்டி எடுக்க ஒரு மணி நேரம், போட ஒரு மணி நேரம் என்று நான் போட்ட கணக்கு மாறும். அப்போது சிராங்கூன் ரோடு சாப்பாட்டை விட்டுவிட்டு, டேங்க் ரோட்டை மட்டும் வைத்துக்கொள்வோம்.